சாப்ட்பால் மட்டையில் அசைவு சென்சார்: குமிழில் வைப்பதா, தலையில் வைப்பதா?

#1 திடல்_டீச்சர்

வணக்கம். சுங்கை சிப்புட், இடைநிலைப்பள்ளிப் பெண்கள் சாப்ட்பால் குழு. வாரம் மூன்று மாலை தோட்டத்துத் திடலில் பயிற்சி. மட்டைகள் எல்லாம் அலுமினியம்: 32 அங்குலம், 24 அவுன்ஸ், அதாவது 81 செமீ நீளம், 680 கிராம்.

வீச்சை அளக்க மட்டையில் அசைவு சென்சார் பொருத்த வேண்டும். பிடியின் அடியில் இருக்கும் குமிழில் வைப்பதா, பந்து படும் தலைப்பகுதிக்குள் வைப்பதா? பந்து படும் இடத்திலேயே வைத்தால்தானே அந்த இடத்து வேகம் சரியாகத் தெரியும் என்று குழுவில் ஒரு வாதம் ஓடுகிறது. கையில் இரண்டு எம்பியூ-6050 பலகைகள் (முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் சென்சார்) இருக்கின்றன. அவை போதுமா? குமிழைத் துளைத்தால் மட்டை தாங்குமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

#2 சாலிடர்_ஈப்போ

டீச்சர், தலைக்குள் வைக்க வேண்டாம். கணக்கைப் பார்த்தாலே புரியும்.

பந்தைத் தொடும் நேரத்தில் மட்டை கிட்டத்தட்ட கைப்பிடியை மையமாக வைத்துச் சுழல்கிறது. ஒரு மாணவியின் நல்ல வீச்சு வினாடிக்கு 1,700 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ரேடியனில் சுமார் 30. சுழல்மையத்திலிருந்து 60 செமீ தள்ளித் தலைக்குள் சென்சார் இருந்தால் அது உணரும் முடுக்கம் 30 × 30 × 0.6 = 540. புவியீர்ப்பின் அளவில் சொன்னால் 55 ஜி. எம்பியூ-6050இல் முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டர் 16 ஜிக்கு மேல் படிக்காது. வீச்சு முழு வேகத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதுமே கோடு கூரையில் முட்டி நின்றுவிடும். அதே சென்சார் குமிழில், மையத்திலிருந்து 5 செமீ தள்ளி இருந்தால் 30 × 30 × 0.05 = 45, அதாவது 4.6 ஜிதான். கையின் இழுப்பும் இதோடு சேரும். அதனால் அளவை 8 ஜியில் வைக்காமல் 16 ஜியிலேயே வையுங்கள்.

அடுத்தது எடை. சென்சார், பேட்டரி என்று 20 கிராமைக் குமிழில் ஏற்றினால் வீச்சுப் பாரம் மாறுவதே தெரியாது. மட்டையின் சுழல்மந்தத்தை (சுழற்ற எவ்வளவு பாரமாக இருக்கிறது என்பதை) குமிழிலிருந்து 6 அங்குலம் (15 செமீ) மேலே உள்ள புள்ளியை அச்சாக வைத்து அளப்பதுதான் முறை. அந்தப் புள்ளியிலிருந்து குமிழ் 15 செமீ: 20 × 15 × 15 = 4,500 கிராம்-செமீ². தலைக்குள் 50 செமீ தூரத்தில் அதே 20 கிராம்: 50,000. பதினோரு மடங்கு. ஒல்லியான பிள்ளைக்கு அது வேறு மட்டையைக் கையில் கொடுத்தது போலத்தான். அந்த மட்டையில் எடுத்த எண் அவள் போட்டியில் ஆடும் மட்டைக்குப் பொருந்தாது.

மூன்றாவது, அலுமினியக் குழாய்க்குள் போன புளூடூத் வெளியே வராது. உலோகம் சுற்றிலும் மூடியிருக்கும்.

#3 படிவம்6_இயற்பியல்

சாலிடர் அண்ணே சொன்னதோடு இன்னொன்று. "பந்து படும் இடத்தில் வைத்தால்தான் அந்த இடத்து வேகம் தெரியும்" என்ற வாதத்திலேயே பிழை இருக்கிறது. சென்சாருக்குள் இருக்கும் ஜைரோ அளப்பது சுழற்சி வேகம். விறைப்பான ஒரு பொருளில் எந்தப் புள்ளியில் ஒட்டினாலும் சுழற்சி வேகம் ஒன்றுதான். குமிழிலும் 1,700, தலையிலும் 1,700. நீளத்தால் பெருக்கினால் தலை வேகம் வந்துவிடும்.

32 அங்குல மட்டையில் தலை முனையிலிருந்து 15 செமீ உள்ளே எடுத்தால் குமிழிலிருந்து 66 செமீ. 30 × 0.66 = வினாடிக்கு 19.8 மீட்டர். மணிக்கு 71 கிமீ.

அச்சுகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. மட்டையின் நீளவாக்கில் ஓடும் அச்சில் வரும் சுழற்சி மணிக்கட்டு உருளுவது. அதைத் தலை வேகத்தில் சேர்க்கக் கூடாது. மற்ற இரண்டு அச்சுகளின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுங்கள். மூன்றையும் சேர்த்துவிட்டால் மணிக்கட்டை அதிகம் உருட்டுகிற பிள்ளைக்கு இல்லாத வேகம் காட்டும்.

#4 நிரல்_கங்சார்

எம்பியூ-6050 பற்றி. அதன் ஜைரோ வினாடிக்கு 2,000 டிகிரி வரை போகும். டீச்சர் குழுவுக்கு அது ஓரளவு போதும். 66 செமீ கணக்கில் 2,000 டிகிரி என்பது மணிக்கு 83 கிமீ. மாநில அளவில் ஆடும் பையன்களும் பெரியவர்களும் இதைத் தாண்டுவார்கள். அமெரிக்க மேஜர் லீக் 2024இல் வெளியிடத் தொடங்கிய மட்டை வேகக் கணக்கில் சராசரி மணிக்கு 72 மைல் அளவில் இருக்கிறது, 116 கிமீ. அது திடலைச் சுற்றியுள்ள ஹாக்-ஐ கேமராக்கள் எடுக்கும் கணக்கு, மட்டைக்குள் சென்சார் கிடையாது. 34 அங்குல மட்டையில் அந்த வேகத்துக்கு 2,600 டிகிரி வேண்டும். அப்படிப்பட்ட ஆளுக்கு ஐசிஎம்-20649 மாதிரி 4,000 டிகிரி, 30 ஜி படிக்கும் சென்சார் வாங்க வேண்டும்.

வரம்பில் முட்டியதா என்று கண்டுபிடிப்பது சுலபம். சென்சார் தரும் திருத்தாத எண்களில் 32767 அல்லது மைனஸ் 32768 அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை வந்தால் அந்த வீச்சைத் தள்ளிவிடுங்கள். வரைபடத்தில் உச்சி மலை மாதிரி இல்லாமல் மேசை மாதிரி தட்டையாகத் தெரியும்.

ஆனால் எம்பியூ-6050 பலகையோடு தனிக் கட்டுப்பாட்டுப் பலகை, சார்ஜர் பலகை, ஒயர்கள் என்று போனால் குமிழில் இடம் போதாது. ஒரே பலகையில் எல்லாம் இருக்கிற ஷியாவ் என்ஆர்எஃப்52840 சென்ஸ் எடுங்கள். 21 × 17.5 மிமீ. புளூடூத், லித்தியம் பேட்டரி சார்ஜர், எல்எஸ்எம்6டிஎஸ்3 சென்சார் மூன்றும் அதிலேயே உண்டு. வாங்கும்போது "சென்ஸ்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சொல் இல்லாத மலிவுப் பலகையில் அசைவு சென்சார் இருக்காது. படத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

#5 பால்மரக்காடு

அலுமினிய மட்டை வேண்டாம் என்றால் மரமட்டை ஒன்றை எடுத்துக் குமிழில் 28 மிமீ துளை போட்டு உள்ளேயே புதைத்துவிடலாமே. அடியில் மூடி, வெளியே ஒன்றும் தெரியாது. பிடிக்கும்போது இயல்பாக இருக்கும்.

#6 கடைசல்காரர்

பால்மரக்காடு அண்ணே, வேண்டாம்.

பலகை 21 × 17.5. மூலைவிட்டம் 27.3 மிமீ. படுக்கையாக வைக்க 28 மிமீ துளை வேண்டும், அது சரி. ஆனால் குமிழுக்கு மேலே கைப்பிடியின் விட்டம் எவ்வளவு? சுமார் 25 மிமீ. துளை கைப்பிடியை விட அகலம். குமிழின் விரிந்த பகுதியைத் தாண்டி ஒரு மிமீ ஆழம் போனாலும் கைப்பிடிக்கும் குமிழுக்கும் இடையில் மரமே இருக்காது. குமிழ் தனி வளையமாகக் கழன்றுவரும். அதற்குள்ளேயே நிறுத்தினால் கிடைக்கும் ஆழம் 10 மிமீ அளவுதான். பலகை, பேட்டரி, மூடி மூன்றும் அதில் அடங்காது.

குமிழ் இருப்பதே கை நழுவாமல் நிறுத்தத்தான். முழு வீச்சில் மட்டை கையை விட்டு வெளியே போக இழுக்கிறது. அடிப்பக்கச் சுண்டுவிரல் ஓரம் குமிழில் அணைந்து அதைத் தடுக்கிறது. அந்த இடத்தில் மரத்தைக் குடைந்துவிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுப்பது ஆபத்து. வரிசையில் அடுத்து நிற்கிற பிள்ளையின் முகத்துக்கு நேரே மட்டை போகும்.

அலுமினியத்தில் கதை இன்னும் மோசம். குமிழ் தனித் துண்டு, குழாயோடு பற்றவைத்தது. பற்றுப் பக்கத்தில் துளை போட்டால் அதிர்வில் அங்கிருந்துதான் விரிசல் ஓடும். முதலில் முடி மாதிரி ஒரு கோடு. பிடித்துணி அதை மறைத்துவிடும். கண்ணில் படும் நாளில் குமிழ் கையோடு வந்துவிடும். உட்குழாய்க்குள் தள்ளலாமா என்றால், கைப்பிடி வெளிவிட்டம் 22 மிமீ, சுவர் போக உள்ளே 17 சொச்சம்தான். பலகை நுழையாது.

மட்டையில் கத்தி வைக்காமல் வெளியிலிருந்து தொப்பி மாட்டுவதுதான் வழி.

#7 நடுவர்_பேராக்

விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்ட்பாலில் உடல் அமைப்பை மாற்றிய மட்டையோடு, அடிப்பவர் நிற்கும் பெட்டிக்குள் வந்தால் ஆட்டக்காரர் அவுட், ஆட்டத்தை விட்டும் வெளியேற்றம். துளைத்த மட்டை இதில் அடங்கும். மாவட்டப் போட்டியாக இருந்தாலும் நடுவர் மட்டைகளை வரிசையாக வைத்துத் தடவிப் பார்ப்பார். தொப்பி என்றால் கழற்றினால் முடிந்தது. பயிற்சி மட்டைக்குச் சிவப்பு நாடா சுற்றித் தனிப் பையில் வையுங்கள்.

கிரிக்கெட்டில் நிலைமை வேறு. 2017 சாம்பியன்ஸ் டிராபியில் பிடியின் நுனியில் மாட்டும் சென்சாரோடு ஆடியிருக்கிறார்கள். அதைக் காட்டி இங்கே வாதாட முடியாது.

#8 திடல்_டீச்சர்

அனைவருக்கும் நன்றி. துளைக்கும் யோசனையை விட்டுவிட்டோம். தொப்பி எப்படிச் செய்வது? ரப்பர் தொப்பி ஆடினால் அளவும் ஆடுமே?

#9 கடைசல்காரர்

சரியான கேள்வி டீச்சர். ரப்பருக்குள்ளே சென்சாரை மிதக்கவிட்டால் அது மட்டையின் அசைவோடு ரப்பரின் தள்ளாட்டத்தையும் சேர்த்து அளக்கும். அதனால் இரண்டு துண்டாகச் செய்யுங்கள்.

உள்ளே விறைப்பான ஒரு தட்டு. குமிழின் அடிமுகத்தில் நேராக உட்கார வேண்டும். அடிமுகம் பெரும்பாலும் தட்டையாக இருக்காது, நடுவில் மெல்லிய குவிவு இருக்கும். தட்டின் அடியிலும் அதே குழிவு கொடுத்து அச்சிடுங்கள். அதைக் கவனிக்காமல் தட்டையாக அச்சிட்டால் நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு ஓரங்கள் ஆடும். தட்டு 46 மிமீ விட்டம், 2 மிமீ கனம். மேலே பலகைக்கும் பேட்டரிக்கும் 1.5 மிமீ உயரத்தில் கரை.

வெளியே டிபியூ (ரப்பர் மாதிரி வளையும் அச்சுப் பிளாஸ்டிக்) உறை, 95ஏ கடினம், சுவர் 2 மிமீ. உட்புற விட்டம் குமிழின் விட்டத்தை விட 1 மிமீ குறைவு. குமிழின் மேல்விளிம்பைத் தாண்டி 6 மிமீ ஏறி உள்பக்கம் மடிய வேண்டும். அந்த மடிப்புதான் தட்டைக் குமிழோடு இறுக்கி இழுக்கிறது. மாட்டும்போது கட்டைவிரல் வலிக்க வேண்டும். சுலபமாக ஏறினால் சுலபமாகக் கழன்றும் போகும்.

தட்டுக்கு பிஎல்ஏ என்ற சாதாரண அச்சுப் பிளாஸ்டிக் வேண்டாம். 60 டிகிரி வெப்பத்திலேயே இளகும். நம் ஊர் வெயிலில் கார் பின்பெட்டிக்குள் கிடந்தால் வளைந்துவிடும். பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் 80 டிகிரி பக்கம் வரை தாங்கும்.

தட்டுக்கும் குமிழுக்கும் நடுவே நுரை நாடா ஒட்டாதீர்கள். நுரையும் ஒரு ஸ்பிரிங்தான். மெல்லிய இருபக்க நாடா போதும், 0.2 மிமீக்குள்.

#10 சாலிடர்_ஈப்போ

உள்ளே வைக்கும் வரிசையைச் சொல்கிறேன்.

குமிழ் முகத்தை ஒட்டி விறைப்புத் தட்டு, அதன்மேல் பக்கத்துப் பக்கமாகப் பலகையும் பேட்டரியும். ஒன்றன்மேல் ஒன்று வேண்டாம், உயரம் கூடினால் உள்ளங்கையில் இடிக்கும். பேட்டரி 401230 என்ற அளவு: 4 மிமீ கனம், 12 அகலம், 30 நீளம், சுமார் 100 மில்லிஆம்பியர்-மணி. பாதுகாப்புச் சுற்று வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். 12ம் 17.5ம் சேர்ந்து 29.5, வட்டத்துக்குள் அடங்கும்.

புளூடூத் ஆண்டெனா இருக்கும் முனையை அலுமினியத்தை விட்டுத் தள்ளி, விளிம்புப் பக்கமாகத் திருப்புங்கள். பலகை உலோக முகத்திலிருந்து 4, 5 மிமீ உயர்ந்து நின்றால் சிக்னல் தெளிவாக வரும். ஒட்டி வைத்தால் பத்தடிக்கே விட்டுவிட்டு வரும்.

ஒயர் இணைப்புக்கு சாக்கெட் வைக்காதீர்கள். அடி விழும்போது கழன்று கழன்று சேரும், நிரல் நடுவில் மறுபடி தொடங்கும், "சாஃப்ட்வேர் சரியில்லை" என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். 30 கேஜ் சிலிக்கோன் ஒயரை நேரடியாக சாலிடர் செய்யுங்கள். முறிவது சாலிடரில் இல்லை, சாலிடர் ஊறி விறைத்த ஒயருக்கும் மெத்தென்ற ஒயருக்கும் நடுவே உள்ள எல்லையில். அந்த இடத்தில் ஒரு சொட்டு சிலிக்கோன் வைத்து ஒயரைப் பலகையோடு படுக்க வையுங்கள். காடி வாசம் வருகிற சிலிக்கோனை வாங்காதீர்கள். அதிலிருந்து வரும் அமிலம் செம்பைப் பச்சையாக்கும். மின்வேலைக்கென்று வருகிற, அமிலம் கக்காத வகையே வேண்டும். சூட்டுப் பசை, பகல் வெயிலில் கழன்றுவிடும்.

பேட்டரிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு மிமீ கனத்தில் மெத்தை. திருகு முனையோ சாலிடர் முள்ளோ பேட்டரி முகத்தைத் தொடவே கூடாது. வியர்வையின் உப்பு பலகையை அரிக்கும். நகப்பூச்சை மெல்லியதாக ஒரு பூச்சு பூசலாம், யுஎஸ்பி வாயிலும் ஆண்டெனாவிலும் படாமல்.

சார்ஜை 50 மில்லிஆம்பியரில் வையுங்கள், சின்னப் பேட்டரிக்கு அது போதும். திடலிலிருந்து வந்ததும் சூடாக இருக்கும்போதே சார்ஜ் போடாதீர்கள், 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. பேட்டரி உப்பியிருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். தொப்பிக்கு மேலே இலேசாகக் குவிந்து தெரிவதுதான் முதல் அடையாளம்.

#11 நிரல்_கங்சார்

இப்போது நிரல். பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன.

மாதிரி எடுக்கும் வேகம் (சென்சாரை வினாடிக்கு எத்தனை முறை படிப்பது என்பது) 833 ஹெர்ட்ஸ் வையுங்கள். ஆயத்த நிரல் நூலகத்தில் வரும் அளவை அப்படியே விட்டுவிடாமல் நீங்களே குறித்துக் கொடுங்கள். 833 என்றால் 1.2 மில்லிவினாடிக்கு ஒன்று. தலை அதற்குள் 2.4 செமீ நகரும். 100 ஹெர்ட்ஸில் எடுத்தால் 20 செமீக்கு ஒரு புள்ளி, உச்சியே தவறிப் போகும்.

அடுத்த பொறி, சென்சாரும் பலகையும் பேசிக்கொள்ளும் ஐ2சி இணைப்பு. இயல்பில் அது 100 கிலோஹெர்ட்ஸில் ஓடும். ஜைரோவும் ஆக்சிலரோமீட்டரும் சேர்ந்து 12 பைட். முகவரி, பதிவெண் எல்லாம் சேர்த்து ஒரு வாசிப்புக்குச் சுமார் 135 துடிப்பு, 1.35 மில்லிவினாடி. ஆனால் உங்களுக்கு இருப்பது 1.2 மில்லிவினாடிதான். மாதிரிகள் சத்தமில்லாமல் விழுந்துபோகும், நிரல் எந்தப் பிழையும் காட்டாது. 400 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 0.34 மில்லிவினாடியில் முடியும். ஒவ்வொரு மாதிரிக்கும் மைக்ரோவினாடி நேரத்தையும் பதிந்து, இடைவெளி 1.2ஆக நிற்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

இந்தப் பலகையில் சென்சாருக்கு மின்சாரம் தனி இணைப்புமுனை (பின்) ஒன்றின் வழியாகப் போகிறது. சொந்தமாக நிரல் எழுதினால் அந்தப் பின்னை முதலில் உயர்த்த வேண்டும். இல்லையென்றால் சென்சார் பதிலே தராது, பலகை கெட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும்.

வீச்சு நடக்கும்போதே புளூடூத்தில் அனுப்ப முயலாதீர்கள். நினைவகத்தில் 2 வினாடிச் சுற்றுத் தாங்கி (பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே இருக்கும் இடம்) வையுங்கள். 833 × 12 × 2 = 20 கிலோபைட்தான், பலகையில் 256 கிலோபைட் இருக்கிறது. பந்து பட்ட அதிர்வு வந்ததும் அதற்கு முந்தைய 1.5 வினாடியும் பிந்தைய 0.3 வினாடியும் பிடித்துவைத்து, நிதானமாக அனுப்பலாம். போனோடு இணையும்போது பெரிய பொட்டலம் (247 பைட்) கேளுங்கள். கேட்காவிட்டால் 20 பைட்டாகத் துண்டு துண்டாகப் போகும், ஒரு வீச்சுக்கு ஆயிரம் பொட்டலம், அடுத்த பிள்ளை காத்துக்கொண்டு நிற்பாள்.

#12 படிவம்6_இயற்பியல்

அண்ணே, பந்து பட்ட நொடியை எப்படிப் பிரிப்பது? பந்தும் மட்டையும் தொட்டிருப்பது ஏறத்தாழ ஒரு மில்லிவினாடிதானே.

#13 நிரல்_கங்சார்

தொடுகை அவ்வளவு குறுகியதுதான் தம்பி, ஆனால் மட்டை அதற்குப் பிறகும் அதிர்ந்துகொண்டிருக்கும். ஆக்சிலரோமீட்டர் அங்கே வரம்பில் முட்டும், முட்டட்டும். எவ்வளவு ஜி என்பது நமக்குத் தேவையில்லை, எப்போது என்பதுதான் தேவை. அடுத்தடுத்த இரண்டு மாதிரிகளுக்கு நடுவே 8 ஜிக்கு மேல் தாவினால் அதுவே தொடுகை என்று தொடங்கி, உங்கள் மட்டைக்கு ஏற்ப அந்த எண்ணைத் திருத்துங்கள்.

தொடுகைக்குப் பிந்தைய ஜைரோ எண்களை நம்பாதீர்கள். அடியின் அதிர்ச்சியில் ஜைரோவும் பொய் சொல்லும். வேகத்தை தொடுகைக்கு முந்தைய மூன்று நான்கு மாதிரிகளிலிருந்து எடுங்கள்.

பொய்த் தொடுகைகள் நிறைய வரும். மட்டையின் அடியைத் தரையில் ஊன்றுவது, காலணியில் தட்டிச் சேற்றை உதிர்ப்பது, அடித்துவிட்டு மட்டையை வீசிவிட்டு ஓடுவது, பந்தை மேலே வைத்து அடிக்கும் டீ கம்பத்தின் ரப்பரில் உரசுவது. இவற்றைத் தள்ள ஒரே நிபந்தனை போதும்: தொடுகைக்கு முந்தைய 100 மில்லிவினாடி முழுக்கச் சுழற்சி வேகம் ஏறிக்கொண்டே வந்து 800 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். டீ ரப்பர் உரசல் மட்டும் இதில் தப்பிவிடும். அதற்குப் பந்தை ரப்பரின் விளிம்பில் உயர்த்தி வைப்பதே மருந்து.

#14 பால்மரக்காடு

வீச்சு மேல்நோக்கிப் போகிறதா கீழ்நோக்கிப் போகிறதா என்ற கோணமும் வேண்டுமே. ஜைரோ நேரம் போகப்போக நழுவும் என்பார்கள். திசைகாட்டி மாதிரி வேலை செய்யும் காந்தமானி சேர்த்தால் சரியாகுமா?

#15 படிவம்6_இயற்பியல்

நழுவல் இங்கே பெரிய எதிரி இல்லை அண்ணே. ஜைரோவின் பூச்சியப் பிழை வினாடிக்கு அரை டிகிரி என்று வைத்தாலும் வீச்சு நடப்பது 0.2 வினாடி. பிழை 0.1 டிகிரி. மறந்துவிடலாம்.

உண்மையான எதிரி அளவுகோல் பிழை. ஜைரோ 2 சதவீதம் கூட்டிப் படித்தால், வீச்சில் மட்டை 180 டிகிரி திரும்பும்போது 3.6 டிகிரி தவறு. கோணத்தில் 3.6 டிகிரி என்பது சின்னப் பிழை இல்லை.

அதைச் சரிபார்க்கக் கருவி வேண்டாம். மட்டையைச் சிமெண்டுத் தரையில் படுக்க வைத்து, தலையைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, இரண்டு வினாடி அசையாமல் விடுங்கள். பிறகு கொஞ்சம் முன்னால் இழுத்து, தரையிலேயே சமமாகப் பத்துச் சுற்றுச் சுற்றி, மறுபடி அதே சுவரோடு அதே நிலையில் ஒட்டுங்கள். கூட்டுத்தொகை 3,600 வர வேண்டும். 3,650 வந்தால் எல்லா எண்களையும் 3,600/3,650ஆல் பெருக்குங்கள். முதல் இரண்டு வினாடியின் சராசரியைப் பூச்சியமாகக் கழித்துவிட்டுக் கூட்ட மறக்காதீர்கள், ஏனென்றால் பத்துச் சுற்றுக்கு அரை நிமிடம் ஆகும், இங்கே நழுவல் கணக்கில் வரும். தரையில் சுற்றுவது ஓர் அச்சுக்குத்தான். மட்டையைக் கால்வாசி உருட்டிவிட்டு இரண்டாவது அச்சுக்கும் செய்யுங்கள்.

காந்தமானி வேண்டாம். திடலைச் சுற்றி இரும்பு வேலி, பக்கத்திலேயே பேட்டரி மின்னோட்டம். உதவியை விடக் குழப்பம் அதிகம்.

#16 நிரல்_கங்சார்

தம்பி சொன்னது முழுவதும் சரி. இன்னொரு பொறியும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் மாட்விக் வடிகட்டியை (ஜைரோ, ஆக்சிலரோமீட்டர் இரண்டையும் சேர்த்துக் கோணம் கணக்கிடும் நிரலை) அப்படியே ஒட்டினால் கோணம் பைத்தியம் பிடித்த மாதிரி வரும். அந்த வடிகட்டி ஆக்சிலரோமீட்டர் காட்டும் திசையைத்தான் "கீழ்" என்று எடுத்துக்கொள்ளும். வீச்சின் நடுவில் குமிழே நாலைந்து ஜி உணர்கிறது, அதில் புவியீர்ப்பு ஒரு பங்குதான். மட்டை நீட்டுகிற திசையை அது "கீழ்" என்று நம்பிவிடும்.

அதனால் மொத்த முடுக்கம் 0.9 ஜிக்கும் 1.1 ஜிக்கும் இடையில் இருக்கும்போது மட்டும் அந்தத் திருத்தத்தை இயக்குங்கள். வீச்சு தொடங்கியதும் ஜைரோவை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள். தொடக்கத்துக்கு ஓர் அசையாத கணம் வேண்டும். மட்டையை ஆட்டிக்கொண்டே காத்திருக்கும் பிள்ளைகளிடம் அது கிடைக்காது. டீயில் அடிக்கும்போது பந்தின் பக்கத்தில் மட்டைத் தலையை எறிபவர் தட்டை நோக்கி நீட்டி, ஒரு வினாடி அசையாமல் வைத்துவிட்டுப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். "கீழ்" எது, "முன்" எது என்று இரண்டும் கிடைத்துவிடும்.

#17 திடல்_டீச்சர்

இவ்வளவு எண்களில் பிள்ளைகளிடம் எதைச் சொல்வது? வேகம் மட்டும் சொன்னால் எல்லோரும் வேகத்துக்காகவே வீசத் தொடங்கிவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது.

#18 நடுவர்_பேராக்

கவலை நியாயமானது டீச்சர். என் கருத்தில் முதலில் பார்க்க வேண்டியது வீச்சு தொடங்கியதிலிருந்து பந்தைத் தொடும்வரை ஆகும் நேரம்.

சர்வதேசப் பெண்கள் ஆட்டத்தில் எறிதூரம் 13.11 மீட்டர். எறிபவர் முன்னால் வந்து விடுவதால் பந்து பறப்பது 11 மீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 70 கிமீ பந்து 0.57 வினாடியில் வந்துவிடும், 90 கிமீ என்றால் 0.44. வீச்சுக்கு 0.18 வினாடி எடுக்கும் பிள்ளைக்கு 90 கிமீ பந்தைப் பார்த்து முடிவெடுக்க 0.26 வினாடி மிச்சம். 0.22 எடுப்பவளுக்கு 0.22தான் மிச்சம். வேகம் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் பின்னவள் மட்டையைப் பின்னால் சுற்றி எடுத்து வருகிறாள், அதனால் வேகம் குறைத்து ஏமாற்றும் மாறுபந்தில் ஏமாறுகிறாள்.

தொடக்கத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரி வரையறுக்க வேண்டும். சுழற்சி வேகம் வினாடிக்கு 300 டிகிரியைத் தாண்டி அதன்பின் இறங்காமல் ஏறும் முதல் கணம் என்று வையுங்கள். வரையறையை நடுவில் மாற்றினால் பழைய ஏடெல்லாம் வீண்.

#19 சாலிடர்_ஈப்போ

வேகத்தைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். 66 செமீ என்பது நாம் எடுத்துக்கொண்ட எண். சுழல்மையம் ஆளுக்கு ஆள் மாறும், கையும் நகர்ந்துகொண்டிருக்கும். 5 செமீ தவறினால் வேகத்தில் ஏழெட்டு சதவீதம் தவறு. அதனால் ஒரு பிள்ளையின் 71ஐயும் இன்னொருத்தியின் 68ஐயும் பக்கத்தில் வைத்து யார் பெரியவள் என்று சொல்லக் கூடாது. அவளுடைய போன மாதத்தையும் இந்த மாதத்தையும் வைத்துப் பாருங்கள். அந்த ஒப்பீட்டில் அந்தத் தவறு பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்துவிடும்.

சுவரில் பெயர் போட்டு வரிசைப் பட்டியல் ஒட்டுவதை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். சென்சாரால் அதைத் தாங்க முடியாது.

#20 பால்மரக்காடு

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சென்சார் சரியாகத்தான் படிக்கிறது என்று ஒரு முறையாவது உறுதிசெய்ய வேண்டாமா?

#21 படிவம்6_இயற்பியல்

வினாடிக்கு 240 படம் எடுக்கும் போனின் மெதுவோட்டம் போதும் அண்ணே. ஒரு படத்துக்கு 4.17 மில்லிவினாடி. 30 ரேடியன் வேகத்தில் மட்டை ஒரு படத்துக்கு 7 டிகிரிதான் திரும்பும். ஒரு டிகிரி தவறாக அளந்தாலே 14 சதவீதம் பிழை. அதனால் தொடுகைக்கு முந்தைய மூன்று இடைவெளிகளைச் சேர்த்து அளங்கள், 21 டிகிரி சொச்சம் வரும், பிழை 5 சதவீதத்துக்குள் இறங்கும். போன் ஆட்டக்காரரின் தலைக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் கோணம் சுருங்கித் தெரியும். மண்டபத்தில் டீயை வைத்து, மேல்மாடிக் கைப்பிடியிலிருந்து போனை நேர் கீழே பார்க்கக் கட்டினால் நடக்கும். கீழே வலையைக் கட்டிவிட்டு அடிக்கட்டும். விளக்கு போதாவிட்டால் மட்டை மங்கலான கீற்றாகத் தெரியும், மட்டைத் தலையில் வெள்ளை நாடா ஒட்டுங்கள்.

#22 திடல்_டீச்சர்

கடைசியாக ஒன்று. நான்கு மணிக்கு மேல் மழை வந்துவிடும், ஈரப் புல்லில் மட்டை கிடக்கும். ஒரு தொப்பியை 14 பேர் மாற்றி மாற்றி வெவ்வேறு மட்டையில் மாட்டப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

#23 கடைசல்காரர்

தொப்பியை மட்டை மாற்றாதீர்கள் டீச்சர், பிள்ளைகளை மாற்றுங்கள். ஒரே நீளம், ஒரே எடை உள்ள ஒரு மட்டையில் நிரந்தரமாக மாட்டி, எல்லோரும் அதிலேயே அடிக்கட்டும். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் சென்சாரின் திசை சில டிகிரி திரும்பும், அதோடு மடிப்பு விளிம்பு தளரும். தவிர்க்க முடியாமல் கழற்றினால் குமிழிலும் தொப்பியிலும் ஒரு கோடு போட்டு வைத்து இரண்டையும் நேர்ப்படுத்துங்கள்.

மழைக்கு: யுஎஸ்பி வாய்க்கு உறையிலேயே ஒரு நாக்கு மூடி அச்சிடுங்கள். ஈரமானால் உறையை உருவி, துணியால் துடைத்து, காற்றில் காயவைத்த பிறகே சார்ஜ். உறைக்குள் தண்ணீர் தங்கியிருக்கும்போது மேலே துடைத்தால் மட்டும் போதாது.

ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் தொப்பியைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். கையால் திரும்பினால் அன்றைக்கு அதில் அடிக்க வேண்டாம். டிபியூ நீண்டு தளர்ந்துவிட்டது, புதிதாக அச்சிட வேண்டும்.

#24 நிரல்_கங்சார்

மண்டபத்துக் குளிர்சாதன அறையிலிருந்து எடுத்து வந்தால், திடலில் பத்து நிமிடம் நிழலில் போட்டு வைத்துவிட்டுப் பூச்சியம் எடுங்கள். வெப்பம் மாறினால் ஜைரோவின் பூச்சியமும் மாறும். சிமெண்டுத் தரைச் சோதனையை மாதம் ஒரு முறை, தொப்பி புதிதாக மாட்டிய நாளிலும் ஒரு முறை. பத்துச் சுற்றின் எண்ணையும் தேதியையும் மட்டையின் சிவப்பு நாடாவிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.